செர்ரிப் பூ ஊறுகாய்

கடைக் குளிர்பெட்டியின் இரண்டாம் தட்டில், முட்டை அட்டைகளுக்குப் பின்னால், உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு கண்ணாடி ஜாடி இருந்தது. அதற்குள் இளஞ்சிவப்பில் சின்னச் சின்னப் பூக்கள், காம்போடு, உப்பில் புதைந்து கிடந்தன. மூடியைத் திறந்தால் உப்பு வாடையும் புளிப்பு வாடையும், இரண்டுக்கும் அடியில் பாதாம் பருப்பை நசுக்கியது போல ஒரு மெல்லிய மணமும் வந்தன. நான் அங்கே வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஓனரம்மா வங்கிக்குப் போயிருந்த நேரம் அந்த ஜாடியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். யாரோ ஊறுகாய் போட ஆரம்பித்துப் பாதியில் மறந்துவிட்டார்கள் என்று முடிவுசெய்தேன். எங்கள் பக்கத்தில் மாவடுவை முதலில் உப்பில்தான் போடுவோம். நீர் விட்டுச் சுருங்கிய பிறகு காரம் சேர்ப்போம். இந்தப் பூவும் நன்றாகச் சுருங்கித் தயாராகத்தான் இருந்தது. என் மதியச் சாப்பாட்டுக்காக அலமாரியில் மிளகாய்ப்பொடியும் வெந்தயப்பொடியும் ஒரு சின்னப் பாட்டிலில் நல்லெண்ணெயும் வைத்திருந்தேன். எண்ணெயைக் காய்ச்சி, பெருங்காயம் பொரித்து, ஆறவைத்து ஜாடியில் ஊற்றிக் குலுக்கி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். ஒரு நல்ல காரியம் செய்த நிறைவோடுதான் அன்று காரை ஓட்டினேன்.

அது ஜப்பான் சாப்பாட்டுக் கடை. அமெரிக்காவில் மில்பிடாஸ் என்கிற ஊரில், ஒரு வளாகத்தின் மூலையில் இருந்தது. மதிய உணவை மரப்பெட்டி போன்ற அட்டைப் பெட்டிகளில் கட்டிக்கொடுப்பதுதான் முக்கிய வியாபாரம். வாங்க வருகிறவர்களில் சுற்றியுள்ள கம்பெனிகளில் வேலை செய்கிற நம் ஆட்கள் பாதிப் பேர், சீனர்கள், கொரியர்கள் மீதிப் பேர். அதே வளாகத்தில் இருந்த ஒரு தமிழ் மெஸ்ஸில் நான் சமையல் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மெஸ்ஸை மூடிய வாரத்தில் பக்கத்துக் கடை ஜப்பான் அம்மா பின்வாசலில் வந்து நின்று, “பஜ்ஜி போடுகிறவர் நீங்கள்தானே?” என்று கேட்டார். மெஸ்ஸில் இருந்து தினமும் நான்கு மணிக்கு வாங்கித் தின்பாராம். எண்ணெயின் பதம் தெரிந்த கை என்று சொல்லி அப்படியே தெம்புரா போட அழைத்துக்கொண்டார். மாவில் தோய்த்த கத்தரிக்காய் எந்த நாட்டிலும் எண்ணெயில் ஒரே சத்தம்தான் போடுகிறது.

எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத ஆங்கிலம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அப்பா போனதும் ஊரில் ஹோட்டல் வேலைக்குப் போய்விட்டேன். நர்ஸாக இங்கே வந்த அக்கா மனுப் போட்டு, பல வருடம் காத்திருந்து, நாற்பதை நெருங்கும்போதுதான் குடும்பத்தோடு அமெரிக்கா வந்தேன். ஓனரம்மா முப்பது வருடமாக இங்கே இருக்கிறவர். ஆனாலும் அவர் ஆங்கிலத்தில் வினைச்சொற்கள் பாதி வழியில் இறங்கிப் போய்விடும். இங்கே தமிழில் எழுதும்போது அவர் பேச்சு ஒழுங்காக வந்துவிடுகிறது. உண்மையில் பாதி சொல், பாதி கை. வாடிக்கையாளர்கள் என்னை “அண்ணா” என்று கூப்பிடுவதைக் கேட்டு அதுதான் என் பெயர் என்று நினைத்து, மரியாதைக்கு ஒரு ‘சான்’ சேர்த்து, “அண்ணா-சான்” என்று கூப்பிட ஆரம்பித்தார். திருத்துவதற்குக் கூச்சமாக இருந்தது. கடைசிவரை அதுவே நின்றுவிட்டது. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். தலையில் துண்டு கட்டிக்கொண்டு, குள்ளமாக, எப்போதும் ஓட்டமும் நடையுமாக இருப்பார். காய்கறி லாரிக்காரனிடம் ஒரு முள்ளங்கிக்காக முகம் சிவக்கச் சண்டை போடுவார். அடுத்த நிமிடம் அவனுக்கே தேநீர் கொடுப்பார். எனக்கோ முன்பக்கம் போய் ஒரு வாடிக்கையாளரிடம் “இன்னும் ஐந்து நிமிடம்” என்று சொல்வதுகூடப் பெரிய காரியம். அவரிடம் வந்து சொல்லி, அவரைச் சொல்லச் சொல்வேன்.

சனிக்கிழமை காலை அவர் ஜாடியைத் திறந்தார். நான் கேரட் சீவிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது ஜாடியை முகத்துக்கு நேராகப் பிடித்து, சிவப்பு எண்ணெயில் மிதக்கிற பூக்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்ன செய்தேன் என்று சொன்னேன். அவர் குச்சியால் ஒரு பூவை எடுத்துச் சோற்றின் மேல் வைத்துத் தின்றார். இன்னொன்று தின்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து நிற்க முடியாமல் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அண்ணா-சான், இந்தப் பூவை இப்படித்தான் செய்ய வேண்டும் என்று எத்தனை வருடமாக நினைத்திருக்கிறேன், தெரியுமா?” என்றார்.

அது கல்யாணப் பூ என்று பிறகுதான் சொன்னார். ஜப்பானில் நிச்சயதார்த்தத்துக்கும் கல்யாணத்துக்கும் தேநீர் கொடுக்கமாட்டார்களாம். உப்பில் போட்ட செர்ரிப் பூ ஒன்றை வெந்நீரில் போட்டுக் கொடுப்பார்களாம். சுருங்கிக் கிடந்த பூ கிண்ணத்துக்குள் மெல்ல விரியுமாம். ஒரு நிச்சயதார்த்த விருந்துக்காக அவருடைய தங்கை ஊரிலிருந்து அனுப்பிய பூ அது. நான் தலையில் கை வைத்தேன். “போகட்டும், ஜப்பான் கடையில் பாக்கெட்டில் கிடைக்கும்” என்றார். வீட்டில் சொன்னபோது என் மனைவி கையில் இருந்த தோசைக் கரண்டியை இறக்கிவிட்டாள்.

“கல்யாணத்துக்கு வச்சிருந்த பூவுலயா மொளகாப்பொடி போட்டிய?”

“எனக்கென்ன தெரியும்? உப்புல கெடந்தது.”

“நல்ல வேள, தாலி உப்புல கெடக்கல.”

எனக்கு உறுத்தியது வேறு. ஜப்பான்காரருக்குச் செர்ரிப் பூ பிடிக்காமல் இருக்குமா? வசந்தம் வந்துவிட்டால் எங்கள் கடைக்கு வருகிற நம் பிள்ளைகள் எல்லோரும் அவரிடம் அதைத்தான் கேட்பார்கள். “மேம், செர்ரி ப்ளாசம் சீசன்ல ஜப்பான் போனா எந்த ஊர் பெஸ்ட்?” அவர் சிரித்துக்கொண்டே, “ஹோட்டல் கிடைக்காது, போகாதே” என்பார். அரிசிக் கம்பெனி கொடுக்கிற நாட்காட்டி கடைச்சுவரில் தொங்கும். அதில் ஏப்ரல் மாதத்துக்கு எப்போதும் அந்தப் பூப்படம்தான் இருக்கும். மார்ச் முடிந்ததும் அவர் இரண்டு தாள்களைச் சேர்த்துத் திருப்பிவிடுவார். எங்கள் கடைச்சுவரில் ஏப்ரல் மாதமே கிடையாது. தேதி பார்க்கத் தாளைத் தூக்கிக் கீழே குனிந்து பார்க்க வேண்டும்.

நானும் குடும்பத்தோடு ஒருமுறை குபெர்டினோ பக்கம் ஒரு பூங்காவில் அந்த மரங்களைப் பார்த்திருக்கிறேன். இலையே தெரியாமல் மரம் முழுக்கப் பூ. நம் ஆட்கள் பட்டுச்சேலை கட்டிவந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். “எப்பக் காய்க்கும்?” என்று என் மனைவி கேட்டாள். இது காய்க்காது, பூவுக்காகவே வளர்க்கிற ஜாதி என்று மகள் போனைப் பார்த்துச் சொன்னாள். “காய்க்காத மரத்துக்கா இம்புட்டுக் கூட்டம்?” என்று சொல்லிவிட்டு, ஐந்து நிமிடம் கழித்து அவளும் ஒரு கிளைக்குக் கீழே போய் நின்று, “என்னையும் ஒண்ணு எடுங்க” என்றாள். அந்தப் பூவுக்கு அப்படி ஒரு இழுப்பு இருக்கிறது. அந்த இழுப்பு ஓனரம்மாவை மட்டும் ஏன் விட்டது என்பது ஒரு நெருக்கடி வந்தபோதுதான் தெரிந்தது.

எங்கள் கடையில் ஒரு பெரிய சமையல்காரர் இருந்தார். ஜப்பான்காரர், வயதானவர். அந்த வருடம் ஜனவரி கடைசியில் வேலையை விட்டு மகன் வீட்டுக்குப் போய்விட்டார். அவர் போன பிறகுதான் சுவரில் மாட்டியிருந்த ஒரு சான்றிதழும் அவரோடு போய்விட்டது உறைத்தது. இங்கே ஒவ்வொரு சாப்பாட்டுக் கடையிலும் உணவுப் பாதுகாப்புத் தேர்வு எழுதி பாஸ் செய்தவர் ஒருவராவது இருக்க வேண்டும். அவர் போய்விட்டால் வேறொருவர் எழுத இரண்டு மாத அவகாசம். அதற்குள் ஆள் இல்லையென்றால் கடையை நடத்த முடியாது. ஓனரம்மாவே எழுதிவிடுவார் என்று நினைத்தேன். அந்தத் தேர்வை ஆங்கிலம் தவிர ஸ்பானிஷ், சீனம், கொரிய மொழி, ஜப்பான் மொழி என்று பலவற்றில் எழுதலாம். தமிழில் மட்டும் எழுத முடியாது. ஆனால் அவர் கடையை விற்றுவிடுவதாகச் சொன்னார். முத்துமுத்தாக ஜவ்வரிசி மிதக்கிற தேநீர்க் கடை போட ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறாராம்.

என் வாழ்க்கையில் நான் ஒருவரிடம் கோபமாகப் பேசியது கொஞ்சம்தான். அன்று பேசினேன். “உங்கள் சொந்த மொழியில் எழுதலாம். புத்தகமும் உங்கள் மொழியில் இருக்கிறது. ஒரு காலை நேரம் உட்கார்ந்தால் போதும். அதற்காகவா கடையை விற்பீர்கள்?” என்றேன். அவர் தலைத்துண்டை அவிழ்த்து மடித்தார். பிறகு அந்தக் கதையைச் சொன்னார்.

ஜப்பானில் பள்ளிக்கூடம், கல்லூரி, புது வேலை எல்லாம் தொடங்குவது ஏப்ரலில்தானாம். பெரும்பாலான ஊர்களில் அந்தச் சமயத்தில்தான் செர்ரி மரங்களும் பூக்கும். அதனால் அங்கே அந்தப் பூ என்றால் தொடக்கம். புதுச் சீருடை போட்ட பிள்ளையைப் பள்ளி வாசலில் பூமரத்தடியில் நிறுத்திப் படம் எடுக்காத வீடே இல்லை. ஒரே வாரத்தில் உதிர்ந்துவிடும். அப்படி உதிர்வதற்காகவே அதை இன்னும் அதிகமாக நேசிப்பார்களாம். அவர் சின்ன வயதில் மருந்தியல் படிக்க ஆசைப்பட்டு, தூரத்தில் இருந்த ஒரு பல்கலைக்கழகத்துக்கு நுழைவுத் தேர்வு எழுதினார். முடிவை அங்கே பலகையில் ஒட்டுவார்கள். தூரத்து ஊர்க்காரர்கள் போய்ப் பார்க்க முடியாது. அதற்காகத் தந்தி கொடுக்கிற ஏற்பாடு உண்டு. அந்தத் தந்தியில் பாஸ், ஃபெயில் என்று எழுதமாட்டார்கள். தேறியிருந்தால் ‘சகுரா சாகு’ என்று வரும். செர்ரி பூத்தது என்று அர்த்தம். தேறாவிட்டால் ‘சகுரா சிரு’. செர்ரி உதிர்ந்தது.

“எனக்கு இரண்டாவது வந்தது” என்றார். “தந்தி வந்தபோது வீட்டில் அத்தை, மாமா எல்லோரும் இருந்தார்கள். அப்பா சத்தமாகப் படித்தார். ஒரு மாதம் நான் வெளியே வரவில்லை. வந்தபோது தெரு முழுக்கப் பூ. என் சிநேகிதிகள் மரத்தடியில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஊரே பூத்திருந்தது. நான் மட்டும் உதிர்ந்திருந்தேன்.” அதன் பிறகு அவர் எந்தத் தேர்வுக்கும் உட்காரவில்லை. இங்கே கார் ஓட்டவும் கற்றுக்கொள்ளவில்லை. அதற்கும் ஒரு எழுத்துத் தேர்வு உண்டு என்பதால். முப்பது வருடமாகப் பஸ்ஸில் வந்து போகிறார் என்பது எனக்குத் தெரியும். காரணம் அன்றுதான் தெரிந்தது.

“அப்படியானால் நான் எழுதுகிறேன்” என்று சொன்னேன். சொன்ன வாய் என்னுடையதுதானா என்று எனக்கே சந்தேகம்.

வீட்டில் மகள்தான் சொல்லிக்கொடுத்தாள். கல்லூரியில் படிக்கிறவள். தமிழ் நன்றாகப் புரியும், பேசும்போது பாதியில் இங்கிலீஷுக்குத் தாவிவிடுவாள். புத்தகத்தில் இருந்து கேள்வியைப் படித்து எனக்கு விளக்குவாள். எண்ணெய், உப்பு, அடுப்பு எல்லாம் எனக்குப் பழக்கம்தான். ஆனால் அந்தப் புத்தகம் வேறு ஒரு உலகத்தில் சமைத்தது.

“அப்பா, ரைஸ் நைட் ஃபுல்லா கவுன்ட்டர்ல இருக்கு. காலைல வாட் டூ யூ டூ?”

“தண்ணி ஊத்தி வச்சிருக்காங்களா?”

“ஆப்ஷன்ல தண்ணியே இல்லப்பா.”

“அப்பக் கேள்வி தப்பு.”

உள்ளிருந்து என் மனைவி, “சின்ன வெங்காயம் உண்டான்னு கேளு” என்றாள்.

“அம்மா, ப்ளீஸ். ஆன்சர், த்ரோ இட் அவே.”

“சோத்தத் தூக்கி எறியணுமா? நல்லாருக்கே படிப்பு.”

பழைய சோறு தப்பு. இட்லி மாவை வெளியில் வைத்துப் புளிக்கவிடுவது தப்பு. குழம்பை உள்ளங்கையில் ஊற்றி உப்புப் பார்ப்பது பெரிய தப்பு. நாற்பது வருடமாக நான் சரியாகச் செய்ததாக நினைத்த ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மகள் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டாள். கோபமே வரவில்லை. எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. இரவுச் சாப்பாட்டில் நான் ரசத்தைக் கையில் ஊற்றினால் இரண்டு பேரும் என்னையே பார்ப்பார்கள்.

பிப்ரவரியில் தேர்வு எழுதினேன். சான் ஹோசேயில் ஒரு சின்னப் பயிற்சி மையம். கணினித் திரையில் கேள்வி வரும், நான்கு விடை வரும், சரியானதைத் தொட வேண்டும். நான் ஒவ்வொரு கேள்வியையும் உதட்டை அசைத்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். படித்தவரை சரியாகத்தான் போட்டேன் என்று நம்புகிறேன். ஆனால் கால்வாசிக்கு மேல் கேள்விகள் மீதி இருக்கும்போதே நேரம் முடிந்துவிட்டது. ஃபெயில் என்று வந்தது.

அங்கிருந்து நேராகக் கடைக்கு வந்தேன். கையைக் கழுவினேன். ஏப்ரன் கட்டினேன். அரிசி களைய ஆரம்பித்தேன். ஓனரம்மா பக்கத்தில் வந்து நின்றார். நான் ஒரு பானை அரிசி களைந்து முடித்த பிறகு, மிகவும் மெதுவாக, “சிரு?” என்றார்.

“சிரு” என்றேன். “நேரம் போதவில்லை. இன்னும் கொஞ்சம் வேகமாகப் படித்தால் போதும். மார்ச்சில் மறுபடி எழுதலாமாம்.”

“உனக்கு அவமானமாக இல்லையா?”

எதற்கு என்று எனக்கு உண்மையாகவே புரியவில்லை. யோசித்து, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். எங்கள் ஊரில் ஃபெயில் ஆனவர்கள் என்றால் பத்தாவது வரைக்கும், பன்னிரண்டாவது வரைக்கும் போனவர்கள். நான் கிளாஸ் கழுவிக்கொண்டே அவர்களைப் பார்த்திருக்கிறேன். தேர்வு முடிவு வருகிற நாளில் அவர்கள் டீக்கடையில் உட்கார்ந்து சோகமாக இருப்பார்கள். எனக்கு அந்தச் சோகத்தில்கூடப் பங்கு கிடையாது. ஃபெயில் ஆவதற்கும் முதலில் பரீட்சைக்கு உட்கார வேண்டும். இன்று எனக்கென்று ஒரு நாற்காலி போட்டு, என் பெயரைக் கணினியில் தட்டி, “நீ ஃபெயில்” என்று இங்கிலீஷில் சொன்னார்கள். வரும் வழியெல்லாம் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

இதைச் சொன்னபோது அவர் கையில் எண்ணெய்க் கரண்டியோடு நின்றார். கரண்டியில் இருந்து சொட்டு சொட்டாக எண்ணெய் தரையில் விழுந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. எண்ணெய்ச் சட்டியின் அடுப்பை அணைத்துவிட்டு, “மார்ச்சில் என்றைக்கு?” என்று கேட்டார். தேதியைச் சொன்னேன். “என் பெயரையும் சேர்” என்றார்.

அந்த மூன்று வாரங்களை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது. மதியக் கூட்டம் ஓய்ந்ததும் பின்பக்கம் இரண்டு பால் கூடைகளைக் கவிழ்த்துப்போட்டு உட்காருவோம். அவர் கையில் ஜப்பான் மொழிப் புத்தகம், என் கையில் இங்கிலீஷ் புத்தகம். ஒரே பக்கத்தை இரண்டு பேரும் படிப்போம். எனக்கு ஒரு சொல் தெரியாவிட்டால் அவர் புத்தகத்தில் அதே இடத்தைப் பார்த்து நடித்துக் காட்டுவார். வாந்தி, பேதி, ஈ, கரப்பான் எல்லாவற்றையும் அவர் நடிக்க நான் கற்றேன். என் வேலை அவரைச் சண்டை போடாமல் படிக்கவைப்பது. சுடுசோற்றில் பச்சை முட்டையை உடைத்து ஊற்றித் தின்பதுதான் அவர் ஊரில் காலைச் சாப்பாடாம். புத்தகம் அதைக் கூடாது என்றது. அவர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டார்.

“இதை எழுதியவனுக்கு நாக்கு இல்லை.”

“மேம், பழைய சோற்றையும் கூடாது என்கிறான்.”

“அதுவுமா?”

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அந்தப் புத்தகத்தை முறைத்தோம். அதன் கணக்குப்படி பார்த்தால் எங்கள் இரண்டு தேசங்களும் எப்போதோ பூண்டோடு அழிந்திருக்க வேண்டும்.

எழுத்துக்கூட்டாமல் படிக்க மகள் ஒரு வழி சொன்னாள். கேள்வியை முழுதாகப் படிக்காமல், அதில் எந்தப் பொருள், எந்தத் தப்பு என்ற இரண்டை மட்டும் தேடச் சொன்னாள். கோழியா, மீனா, சோறா. வெளியே வைத்தானா, கை கழுவவில்லையா. எண்ணெயில் கிடக்கிற முப்பது தெம்புராவில் எது கருகப் போகிறது என்று கண் தேடுமே, அப்படித் தேட ஆரம்பித்தேன். வேகம் வந்தது. ஓனரம்மாவின் சங்கடம் வேறு மாதிரி. வாய்விட்டுக் கேட்டால் எல்லாவற்றுக்கும் பதில் தெரியும். போனில் நேரத்தை ஓடவிட்டு, “தொடங்கலாம்” என்று சொன்னால் முதல் கேள்வியிலேயே பென்சிலைக் கீழே வைத்துவிடுவார். “அத்தைகள் வந்துவிட்டார்கள்” என்பார். அன்று தந்தி படிக்கும்போது வீட்டில் இருந்த அத்தைகள். “வரட்டும், ஆளுக்கு ஒரு பெட்டி கட்டிக் கொடுத்து அனுப்பலாம்” என்றேன். அதற்குப் பிறகு அத்தைகள் வரும்போதெல்லாம் அவரே, “இரண்டு பெட்டி, சோயா சாஸ் தனியாக” என்று சொல்லிவிட்டு எழுதத் தொடங்குவார்.

தேர்வு நாளன்று என் காரில் போனோம். அந்தப் பயிற்சி மையத்தின் வாகன நிறுத்தத்தில் ஒரு வரிசை முழுக்கப் பூமரம். பிப்ரவரியில் வெறும் குச்சியாக நின்றவை. “அந்தப் பக்கம் நிறுத்தாதே” என்றார். தூரத்து மூலையில் நிறுத்திவிட்டு நடந்தோம். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அறையில் நாங்கள் இருவரும் கண்காணிக்கிற ஒரு பெண்ணும் மட்டும். கோழி, மீன், சோறு என்று தேடிக்கொண்டே போனேன். கடைசிக் கேள்வியைத் தொட்டபோது நேரம் மிச்சம் இருந்தது. பழைய சோறும் வந்தது. தூக்கி எறி என்பதைத் தொட்டேன். ஊரில் இருக்கிறவர்கள் மன்னிக்க வேண்டும். முடித்ததும் திரை ஒரு கணம் வெளுத்து, பிறகு பாஸ் என்று வந்தது. அந்தச் சொல்லை எழுத்துக்கூட்டாமல் படித்தேன்.

திரும்பிப் பார்த்தேன். ஓனரம்மாவும் முடித்திருந்தார். ஆனால் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குப் போவதா, கூடாதா என்று தெரியவில்லை. கண்காணித்த பெண், முடிந்துவிட்டது, போகலாம் என்று தலையசைத்தாள். அவர் அருகில் போய் நின்றேன். “நீ பார்” என்று கைகளுக்குள் இருந்து சொன்னார். திரையைப் பார்த்தால் எல்லாம் ஜப்பான் எழுத்து. கோடு, பெட்டி, கூரை போட்ட வீடு மாதிரி எழுத்துகள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாகத் தேடினேன். நடுவில் ஒரு எண் இருந்தது. எண் எல்லோருக்கும் ஒன்றுதான். பாஸ் செய்ய வேண்டிய மதிப்பெண் எனக்குத் தெரியும். அது அதைவிட நன்றாக மேலே இருந்தது. என் மதிப்பெண்ணைவிடவும் மேலே இருந்தது.

“மேம்” என்றேன். “சகுரா சாகு.”

அவர் கைகளை எடுக்கவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. அழுகிறாரா, சிரிக்கிறாரா என்று அந்தப் பெண் எழுந்துவந்து பார்த்தாள். இரண்டும்தான்.

வெளியே வந்து காரை நோக்கி நடந்தவர் நின்றார். திரும்பி அந்தப் பூ வரிசைக்குப் போனார். முதல் மரத்தடியில் நின்று அண்ணாந்து நெடுநேரம் பார்த்தார். காற்றில் இதழ்கள் தலைமேல் விழுந்தன. பிறகு என்னைப் பார்த்து மிகவும் கண்டிப்பாக, “இது செர்ரி இல்லை. பிளம்” என்றார்.

“அப்படியென்றால் வேண்டாமா?”

“எடு” என்றார்.

கைகளை இரண்டு பக்கமும் ஒட்டவைத்து, கால்களைச் சேர்த்து, தாடையை உயர்த்தி, முதல் நாள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைப் போல விறைப்பாக நின்றார். படம் எடுத்தேன். பிறகு என்னையும் அங்கே நிறுத்தி அவர் எடுத்தார். எனக்கு எப்படி நிற்பது என்று தெரியாமல் நானும் அப்படியே விறைப்பாக நின்றேன். அந்த இரண்டு படத்தையும் என் மனைவி பார்த்துவிட்டு, “ரெண்டு பேரும் ஒண்ணாங்கிளாஸ்ல சேந்த மாரியே இருக்கிய” என்றாள். அன்று ராத்திரி நான் ரசத்தைக் கரண்டியில் எடுத்து, வேறொரு கிண்ணத்தில் ஊற்றி, உப்புப் பார்த்தேன். மகள் தட்டில் மெல்லத் தாளம் போட்டாள்.

சான்றிதழ்கள் வந்ததும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினோம். ஏப்ரல் பிறந்தபோது ஓனரம்மா தங்கை வீட்டுக்கு விமானம் ஏறினார். முப்பது வருடத்தில் அவர் ஊருக்குப் போயிருக்கிறார். ஆனால் எல்லாம் மழைக்காலத்திலோ பனிக்காலத்திலோதான். வசந்தத்தில் போவது இதுவே முதல் தடவை. இந்தத் தடவை கடையைப் பூட்டிவிட்டுப் போகவில்லை. சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

ஏப்ரலில் வரக்கூடும் என்று ஓனரம்மா சொல்லியிருந்த சுகாதார அதிகாரி, அவர் போன மூன்றாம் நாளே வந்தார். கழுத்துப்பட்டையில் அடையாள அட்டை, கையில் வெப்பமானி, இளவயது. இதற்கு முன் அதிகாரிகள் வந்தால் நான் பின்வாசல் வழியாகக் குப்பையைக் கொட்டப் போய்விடுவேன். அன்று குப்பைத் தொட்டி காலியாக இருந்தது. “இங்கே பொறுப்பாளர் யார்?” என்று கேட்டார். பாத்திரம் கழுவுகிற பெண் என்னைப் பார்த்தாள்.

“நான்தான்” என்றேன்.

அவர் சுவரில் சான்றிதழைப் பார்த்து என் பெயரைப் படித்தார். தப்பாகப் படித்தார். வாழ்நாள் முழுக்க யார் எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்த்தவன் நான். அன்று, “அப்படி இல்லை சார், இப்படி” என்று ஒருமுறை சொல்லிக் காட்டினேன். அவர் மறுபடி சரியாகச் சொன்னார். குளிர்பெட்டியின் வெப்பம், கோழி எந்தத் தட்டில், மீன் எந்தத் தட்டில், சோற்றில் எப்போது வினிகர் கலந்தோம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். என் குரல் முன்பக்கம் வரை கேட்டது என்று பிறகு அந்தப் பெண் சொன்னாள். போகும்போது வாசல் கண்ணாடியில் பச்சை அட்டையை ஒட்டிவிட்டுப் போனார். பச்சை என்றால் குறையில்லை.

இப்போது ஓனரம்மா ஊரோடு போய்விட்டார். கடையை நான் நடத்துகிறேன். இலையுதிர் காலத்தில் ஒருமுறை வந்து கணக்குப் பார்க்கிற சாக்கில் முள்ளங்கிக்குச் சண்டை போட்டுவிட்டுப் போவார். அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்த அதிகாரி வந்துபோன அன்று மாலை வந்த அவருடைய போன்தான். கடையைச் சாத்திவிட்டு அடுப்புமேடையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அங்கே மறுநாள் காலை பதினொரு மணி இருக்கும். ஒரே கூச்சல். மரத்தடியில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறார்களாம். பக்கத்துப் பாய்க்காரர்கள் யாரென்றே தெரியாதாம், அதற்குள் சாப்பாடு மாற்றிக்கொண்டார்களாம். “சிலருக்குக் காலையிலேயே ஏறிவிட்டது” என்று சிரித்தார்.

“பூ எப்படி மேம்?”

“உதிர்கிறது” என்றார். “நிறைய. சோற்றில் எல்லாம் விழுகிறது. எடுத்துப்போடாமல் தின்கிறேன்.” பிறகு குரலை இறக்கி, “ஆபீஸர் வந்தாரா?” என்று கேட்டார்.

“வந்தார். நான்தான் பேசினேன். பச்சை.”

உடனே போனை வாயிலிருந்து விலக்கி, சுற்றி இருந்தவர்களிடம் ஜப்பான் மொழியில் ஏதோ உரக்கச் சொன்னார். அதில் அண்ணா-சான் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. முதலில் ஒருவர் கை தட்டினார். பிறகு பாய்க்குப் பாய் பரவி, பெயர் தெரியாத, முகம் தெரியாத அத்தனை பேரும் அந்த மரங்களுக்கடியில் எனக்காகக் கை தட்டினார்கள். யாராவது என்னைப் பாராட்டினால் நான் வேறு பேச்சுக்கு மாற்றிவிடுவேன், இல்லையென்றால் எழுந்து போய்விடுவேன். அன்று சமையலறையில் நான் மட்டும்தான் இருந்தேன். துணியைக் கீழே வைத்தேன். போனின் சத்தத்தைக் கூட்டி மேடைமேல் வைத்துவிட்டு, நிமிர்ந்து நின்று, அந்தக் கைதட்டல் முழுவதையும் கேட்டேன்.